எட்டாம் எண் கிருமிக் கூண்டு

நான் எழுதியவற்றில் மிக அதிகம் பேர் படித்தது ஒன்பதே வரிதான். அதில் என் பெயர் கிடையாது. பெயர் போட்டு எழுதிய புத்தகங்கள் வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றின் மேல் என் மனைவி மிக்ஸியை வைத்திருக்கிறாள். உயரம் சரியாக இருக்கிறதாம்.

அந்த ஒன்பது வரியைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடிக்காரனுக்கு எண் என்றால் கூண்டுதான். வங்கக் கடலில் காற்று சுழலத் தொடங்கினால் துறைமுகத்துக் கொடிமரத்தில் கறுப்புக் கூண்டு ஏற்றுவார்கள். 'மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்று தொலைக்காட்சியில் வரும். மறுநாள் டவுன் பஸ்ஸில் ஒருவர் "மூணு ஏத்திட்டானாம்" என்பார். பக்கத்தில் நிற்பவர், "போன தடவ அஞ்சு" என்று அதைக் காலில் போட்டு மிதிப்பார். எண் ஏற ஏற ஆபத்து ஏறும் என்பதில் எங்களுக்குள் கட்சி வேறுபாடு கிடையாது.

ஆகவே, கொரோனாவின் புது ரகம் ஒன்று பரவுகிறது, அதன் பெயர் இரண்டு ஆங்கில எழுத்தும் சில புள்ளிகளும் ஒரு எட்டும் கொண்டது என்று செய்தி வந்தபோது, ஊர் அந்தப் பெயரில் எதைப் பிடித்துக்கொள்ளும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. யோசித்தால் நகைச்சுவைத் தொழில் நடக்காது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சித்தப்பா இருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு மனித குலத்தின் முடிவை அறிவித்துவிட்டு அதற்குப் பிறகுதான் காபி குடிப்பார். அன்றைய அறிவிப்பு: புது ரகம் காய்ச்சல் தராது, இருமல் தராது, பரிசோதனையிலும் சிக்காது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அறிகுறியும் காட்டாமல் பரிசோதனையிலும் சிக்காமல் இருப்பதை யார் பார்த்துவிட்டு வந்து சொன்னது என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு கும்பிடு வந்தது.

கேலி செய்தால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று நினைத்து, வானிலை அறிக்கை பாணியில் அந்த ஒன்பது வரியை எழுதிப் போட்டேன். தூத்துக்குடி துறைமுகத்தில் எட்டாம் எண் கிருமி எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது. ஆழ்கடலில் உள்ள கிருமிகள் உடனே கரை திரும்ப வேண்டும். மீனவர்கள் இரண்டு நாளைக்குத் தும்ம வேண்டாம். தும்மியே தீர வேண்டியவர்கள் கிழக்கு நோக்கித் தும்மவும். மருத்துவமனைகளின் பக்கம் காற்று பலமாக வீசுவதால் யாரும் அங்கே ஒதுங்க வேண்டாம். கூண்டு இறக்கப்படும்வரை வீட்டைவிட்டு வெளியே இறங்கக் கூடாது. இப்படியே போய் முடியும்.

குழுவில் யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா மட்டும் 'தகவலுக்கு நன்றி' என்று போட்டார்.

மறுநாள் காய்கறிக் கடை அண்ணாச்சி என்னிடமே சொன்னார். "எட்டு ஏத்திட்டானாம், தெரியுமா? முருங்கக்கா ரெண்டு சேத்து வாங்கிட்டுப் போங்க. நாளைக்குக் கட தொறப்பமோ என்னமோ." வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அன்று மாலைக்குள் ஒன்பது வரி ஐந்தாகிவிட்டது. கிருமிகள் கரை திரும்பும் வரி முதலில் போனது. அடுத்துத் தும்மல் போனது. என் மனைவியின் தோழி வேம்பாரிலிருந்து அனுப்பிய பிரதியில் எட்டு ஒன்பதாகியிருந்தது. ஆலந்தலையிலிருந்து வந்ததில் சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து, அடியில் 'இப்படிக்கு, கப்பல் மருத்துவர்' என்று ஒரு கையெழுத்தும் முளைத்திருந்தது. கேலி மிச்சமிருந்த பிரதிகள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. பயமும் கருப்பட்டியும் உள்ளவை ஊர் ஊராகப் போயின. கைமாறக் கைமாற, எது சுலபமாகப் பரவுமோ அதுதான் மிஞ்சியது. இலக்கியத் தரம் பார்த்து ஒருவரும் அனுப்பவில்லை.

'அது வேடிக்கைக்காக நான் எழுதியது' என்று குழுவில் போட்டேன். சித்தப்பா எனக்குத் தனியாக எழுதினார்: 'இந்த நேரத்தில் வதந்தி பரப்பாதே.'

நான்காம் நாள் காலை அக்கா போன் செய்தாள்.

"ஏலே, ஒங்க அத்தானுக்கு மூணு நாளாக் காய்ச்சல். இன்னைக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்காவ. எட்டு ஏத்தியிருக்காம், வெளிய எறங்கப்படாதாம்."

அத்தானுக்கு எழுபத்தொரு வயது. சர்க்கரை உண்டு. அதைவிட முக்கியம், துறைமுக சிக்னல் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரே அண்ணாந்து பார்த்த கூண்டுகளைக் கயிறு பிடித்து ஏற்றிய கை அவருடையது. வாழ்நாளில் ஒரு முறைகூட எச்சரிக்கையை மீறாத மனிதர்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜன்னலோரம் நாற்காலியில், முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"வா மாப்ள. வெளிய எறங்காதன்னு... போட்டிருக்காம்லா. நீ எதுக்கு... வந்த?"

"அத்தான், அத எழுதுனதே நாந்தான்."

"எத?"

"எட்டாம் நம்பர. கேலிக்கு எழுதுனேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன் புஸ்தகம்... மூணு படிச்சிருக்கேன். ஒண்ணாவது... இப்பிடிச் சுருக்கமா... இருக்கா?"

"அது நெசந்தான்" என்றாள் அக்கா, என் பக்கம் திரும்பாமல்.

போனில் அசலைத் தேடி எடுத்து நீட்டினேன். கண்ணாடி போட்டு ஒன்பது வரியையும் வாசித்தார். பிறகு திருப்பித் தந்தார். "இது போலி. நெசமானதுல... தும்மல் கெடையாது. எவனோ... கேலிக்கு மாத்தியிருக்கான்."

என் ஆயுளில் எத்தனையோ மதிப்புரை வாங்கியிருக்கிறேன். என் கையெழுத்துப் பிரதியையே திருட்டுப் பிரதி என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

வேறு வழியில் போய்ப் பார்த்தேன். "இங்க பாருங்க அத்தான், கிருமிக்குப் போடுற நம்பர் வேற, கூண்டு நம்பர் வேற. கூண்டுல ஆறு அஞ்சவிடப் பெரிசு. இதுல அப்படியெல்லாம் கெடையாது."

அவர் நிமிர்ந்தார். காய்ச்சல் கண்ணில் ஒரு கோபம். "யாரு சொன்னா... ஆறு பெரிசுன்னு? அஞ்சுன்னா புயல்... துறமுகத்த எடப்பக்கம் விட்டுட்டுப் போவும். ஆறுன்னா... வலப்பக்கம். ஏழுன்னா நேரா... நம்ம மேல. மூணும் ஒரே பலம். இங்கனயே பொறந்து வளந்து... இது தெரியல ஒனக்கு."

ஐம்பது வருடமாக நானும் ஊரும் தப்பாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறோம். வெட்கத்தை ஒத்திவைத்துவிட்டு, "அதேதான் அத்தான் இதுவும். அந்த எட்டு, கிருமி எந்தக் கெளையில மொளச்சதுன்னு சொல்லுது. பலத்தச் சொல்லல" என்றேன்.

"அத நீ... சொல்லாத. ஒனக்கு ஆறே தெரியல."

நியாயம்தான்.

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். நாற்பது வருடமாக இந்தக் கூண்டுப் பாடத்தைச் சோற்றோடு கேட்டு வருகிறவள்.

"பதினொண்ணுன்னா என்ன? சொல்லுங்க."

"அது... புயலே இல்லளா. வானிலைக்காரன்கிட்டருந்து... தகவல் அத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"தகவல் இல்லன்னா நீங்க என்ன செய்வீய?"

"என்ன செய்ய. நம்ம கண்ணால... கடலப் பாத்து... நாமளே முடிவெடுக்கணும்."

"உங்க போன்ல வாரது ஒண்ணும் தகவல் இல்ல. வேம்பார்க்காரன் ஒம்பதுங்கான், இங்கன எட்டுங்கான், எழுதுனவன் இந்தா முழிச்சிட்டு நிக்கான். இப்ப பதினொண்ணு ஏத்தியாச்சு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே, பழைய கொரோனாவில் வாங்கிய ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை அவர் விரலில் மாட்டினாள். சமையலறை டப்பாவில் இருந்ததுதான். காலையிலேயே பேட்டரி மாற்றி வைத்திருந்தாள் போல. சிவப்பாக எண்பத்தொன்பது வந்தது. விரலை மாற்றினாள். மறுபடியும் எண்பத்தொன்பது.

"இது... எவ்வளவு இருக்கணும்?" என்றார் அத்தான்.

"தொண்ணூத்தஞ்சுக்கு மேல" என்றேன். அதற்கு மட்டும் என்னை நம்பினார்.

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கிழக்கே பார்த்தார். அங்கிருந்து கொடிமரம் தெரியாது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். பிறகு, "சட்டைய எடுளா" என்றார்.

மருத்துவமனை வாசலில் காற்று எதுவும் பலமாக வீசவில்லை. உள்ளே கூட்டமும் இல்லை. மூக்கில் குழாய் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள். நிமோனியா தொடங்கியிருந்தது. மாலையில் வந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "கொரோனாதான்" என்றார்.

அத்தான் மூக்குக் குழாயோடு எழுந்து உட்கார முயன்றார். "எட்டா?"

"என்ன எட்டு?"

நான் விளக்கினேன். யார் எழுதியது என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

"எந்த ரகம்னு நாங்க இங்க பாக்கறதில்ல, ஐயா. சில மாதிரிகளை வெளியே அனுப்பிப் பாப்பாங்க. எது எங்க பரவுதுன்னு தெரிஞ்சுக்க அது வேணும், தடுப்பூசி செய்றவங்களுக்கும் வேணும். இந்தக் கிருமி மாறிக்கிட்டேதான் இருக்கும். எது வேகமாப் பரவுதோ அது முன்னால வரும். வேகமாப் பரவுதுன்னா கொடுமையானதுன்னு இல்ல. லேசானதுன்னும் இல்ல, உங்களை மாதிரி வயசும் சர்க்கரையும் இருக்கவங்களுக்கு. எந்த ரகமா இருந்தாலும் மூச்சு வாங்கினா உடனே வரணும், அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு நம்பரே கெடையாதா?" என்றார் அத்தான். முப்பது வருட சர்வீஸ் அவரைக் கைவிட்டதுபோலக் கேட்டார்.

ஐந்து நாள் உள்ளே இருந்தார். எண்பத்தொன்பது தொண்ணூற்று மூன்றாகி, தொண்ணூற்று ஆறானது. நர்ஸ் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் அதை அக்காவிடம் பொறுப்பாக அறிவித்தார். பக்கத்துக் கட்டில்காரர், "அண்ணாச்சி, எனக்கு எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும் நாள் டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே கேட்டார். "காய்ச்சல் வந்து மூணு நாள் ஏன் வீட்லயே இருந்தீங்க? இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"வெளிய எறங்க வேண்டாம்னு ஒருத்தன் எழுதியிருந்தான், டாக்டர்" என்றார் அத்தான். இப்போது மூச்சு தடையில்லாமல் வந்தது.

"யாரு?"

அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"தெரியல. ஆனா பய நல்லா எழுதியிருந்தான்."

நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே போனேன்.