வெறும் பெட்டியா?

இன்று காலை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டும்போது கிளம்பிய வாசம், அவிநாசி ரோட்டில் எப்போதோ இடித்துவிட்ட அந்தப் பஞ்சுக் கிடங்குக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் ஓடுவேன். அம்மாவும் மற்றப் பெண்களும் பருத்தியில் சருகு பொறுக்க, வெயிலில் பஞ்சுத் தூசி மினுங்கிப் பறக்க, சரசக்கா வாரப் பத்திரிகைக் கதையை உரக்கப் படிப்பார்.

அன்றைய கதையில் ஒரு சாமிப் பெட்டி. பெண்கள் பார்த்தால் கண் போய்விடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஒரு மருமகள் திறந்து பார்த்தாள்; உள்ளே ஒன்றுமே இல்லை. விடிந்ததும் ஊரார் கூடி அவளைக் குருடாக்கிவிட்டார்கள்.

“ஏனுங்க, அந்தப் பொட்டிக்கு என்னங்க அர்த்தம்?” என்றார் சரசக்கா.

“எங்க மாமியா வாயிங்க. தொறந்தா சத்தந்தான், உள்ளுக்கு ஒண்ணுமில்லீங்க!” என்றாள் ஒருத்தி. கிடங்கே சிரித்தது.

“இல்லீங்கக்கா, அது பயமுங்க. கண்ணைக் கெடுத்தது சாமியில்ல, ஊருதானுங்க,” என்றாள் இன்னொருத்தி.

எங்கள் வீட்டிலும் சாமிப் பெட்டி இருந்தது. சிவராத்திரிக்குப் பெரியப்பா திறக்கும்போது பெண்கள் முதுகைக் காட்டி நிற்போம்.

“நம்ம பொட்டியும் வெறும் பொட்டியாம்மா?” என்று கேட்டேன். அம்மா இன்னொரு கை பருத்தியை அள்ளிப்போட்டுச் சருகு பொறுக்கினாள்.

அந்தச் சிவராத்திரியில் மூடி திறந்தபோது அம்மா மட்டும் முதுகைக் காட்டவில்லை. என் கையையும் விடவில்லை. “நம்ம சாமி கண்ணைப் புடுங்காது. பாரு கண்ணு,” என்றாள்.

உள்ளே ஒரு மஞ்சள் சேலையும் நாலு பச்சை வளையலும் இருந்தன. பெட்டிசாமி என்றே நாங்கள் கும்பிட்டுவந்த சாமி ஒரு பெண்!

இந்த வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறேன். அவள் கொடுத்த கண்.