அட்டைக் கடையில் ஒரு ஸ்டூல்

ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவேன் நான். பொய். போட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஓசியில் ஏலக்காய் டீ கொடுத்திருக்க மாட்டேன்.

பெரம்பலூரில் ரோட்டோரம் என் டீக்கடை. ஒருநாள் அவள் டேப்போடு வந்து கடையை அளந்தாள்.

“இன்டீரியர் டிசைன் படிக்கிறேண்ணே. காலேஜ் ப்ராஜெக்ட்.”

டீக்கடையை அளக்கவா காலேஜ்? கடையை இடிக்கத்தான் யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று பயந்து டீயை நீட்டினேன். குடித்துவிட்டு மறுபடியும் அளந்தாள்.

அடுத்த வாரம் என் கடையையே அட்டையில் செய்து எடுத்து வந்தாள். எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறாள் என்று தேடினேன். எதுவும் குறையவில்லை. பாய்லருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்தான் கூடியிருந்தது.

“இதுல யாரும்மா உக்காரப்போறா, ஆபீசரா?”

“நீங்கதாண்ணே. அன்னிக்கு நான் இருந்தவரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருந்தீங்க.”

கடை போட்ட நாளிலிருந்து எனக்கே அது தோன்றியதில்லை. அன்றே ஒரு ஸ்டூல் வாங்கினேன். அதில் உட்கார்ந்துதான் இதைச் சொல்கிறேன். இடுப்பு வலிகூட இப்போது—

“மாஸ்டர், நாலு டீ!”

இருங்கள், எழுந்துவிட்டேன்.