பதினான்கு நிமிடம்

டார்லீன் கொஸ்டியூக்குக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. கனடாவின் வின்னிபெக்கில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. அங்கே காலியாகும் முட்டை அட்டைகளைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். "உன்னை நம்பினா குப்பைத்தொட்டி பட்டினிதான்டி" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். புருஷன் ஒருவன்தான் அவள் கையை விட்டுப் போனது. அதுவும் அவனாகப் போனான்.

பிரோகி வந்தபிறகு அந்த அட்டைகளுக்கும் மதிப்பு வந்தது. நாய்க் காப்பகத்திலிருந்து எடுத்துவந்த நாய். தனியாக விட்டால் ஊளையிடும். மூளைக்கு வேலை கொடுத்தால் அடங்கும் என்றார் மருத்துவர். டார்லீன் தினமும் விடிந்ததும் உட்கார்ந்துவிடுவாள். டாய்லெட் பேப்பர் தீர்ந்த குழலில் தீனியை அடைத்து இரு முனையையும் மடிப்பாள். பழைய துண்டில் கொஞ்சம் தூவிச் சுருட்டுவாள். மிச்சத்தை முட்டை அட்டைக் குழிகளில் ஒளிப்பாள். அவள் போனபின் நடப்பதைப் பழைய போன் ஒன்று படம் பிடிக்கும். அத்தனையையும் பிரித்து மேயப் பிரோகிக்குப் பதினொரு நிமிடம். பிறகு அவள் திரும்பும் மூன்று மணிவரை கதவைப் பார்த்து ஊளைதான்.

மாடிவீட்டு மரே ஃப்ரீசன் கட்டட மேலாளருக்குப் புகார் எழுதினார். எழுதிவிட்டு நேரில் வந்தும் சொன்னார்.

"நான்தாங்க எழுதினேன். ராத்திரி முழுக்க டிப்போல பஸ் பிரேக் ரிப்பேரோட மல்லுக்கட்டிட்டு வர்றேன். பகல்ல தூங்கலைன்னா செத்தே போயிருவேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பிரோகி அவர் பூட்ஸ்மேல் தலைவைத்துப் படுத்துவிட்டது. அப்புறம் வாராவாரம் அவரும் முட்டை அட்டை கொண்டுவந்தார். "டிப்போல எல்லாரையும் முட்டை தின்னுங்கடான்னு உயிரை வாங்கறேன்" என்றார்.

துண்டுக்குள் குழல், குழலுக்குள் கந்தல் துணி என்று டார்லீன் முடிச்சுமேல் முடிச்சுப் போட்டாள். பதினான்கு நிமிடம் வந்தது. அன்று அவள் அழுதாள். மீதி ஆறு மணிநேரத்தை எந்த அட்டையில் அடைப்பது?

எதிர்வீட்டிலிருந்து இரண்டாவது புகார் போனது. மாதக் கடைசிக்குள் நாய் போகவேண்டும், இல்லையென்றால் நீ போகவேண்டும் என்று கட்டட மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். நாயோடு அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்கவில்லை. மாதக் கடைசிவரை அலைந்து பார்த்துவிட்டாள். மரேயிடம் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் இருக்கிற கொஞ்சம் தூக்கத்தையும் அந்த மனுஷன் தொலைத்துவிடுவார்.

கடைசி நாள் காலையில் பிரோகியைக் காப்பகத்திலேயே திரும்ப விட்டாள். கூடவே ஒரு பை நிறைய அடைத்த குழல்கள்.

"இது என்னங்க?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"பதினாலு நிமிஷம் தாங்கும்" என்றாள் டார்லீன். அங்கிருந்து நேராக வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் மரே கதவைத் தட்டினார். கை நிறைய முட்டை அட்டைகள், முகமெல்லாம் சிரிப்பு.

"ஜெயிச்சுட்டோம் டார்லீன்! இன்னிக்கு ஒரு சத்தம் இல்ல. கட்டை மாதிரி தூங்கினேன். அப்படி என்னதாங்க வெச்சீங்க உள்ள?"

டார்லீன் அட்டைகளை வாங்கி மற்றவற்றின்மேல் அடுக்கினாள்.