முடிவை மாற்றிச் சொன்னால் ஃபரீதாவுக்குப் பிடிக்காது

கந்தளாயில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தபோது ஃபரீதாவின் கணவர் ஜவாஹிரின் அழைப்பு வந்தது. “சுகந்தி, ஃபரீதா மௌத்து” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வந்திருவீங்களா?” என்று கேட்டார். சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தேன். கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவைத் தூக்க ஆயத்தமாக நின்றார்கள். பெண்களுக்கு நடுவே நுழைந்து முகத்தைப் பார்த்தேன். பார்த்து முடிவதற்குள் மூடிவிட்டார்கள்.

எங்கள் சனிக்கிழமைப் படக்கூட்டத்துக்கு வந்து போனவர்களுக்கு அவளைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் நானும் ஃபரீதாவும் பக்கத்துப் பக்கத்து மேசை. சனிக்கிழமைகளில் தன் வீட்டு விறாந்தைச் சுவரில் படம் போடுவாள். படம் முடிந்ததும் சண்டை தொடங்கும். ஊரே கொண்டாடிய சென்னை இயக்குநர் ஒருவரை ஒரே வரியில் முடித்துவிட்டாள்: “அவர்ர படத்தில ஏழையெல்லாம் நல்லவன். ஏழைக்கு ஒரு கெட்ட குணம் குடுக்கவும் மனசில்லாத கஞ்சன்.”

கொழும்பிலிருந்து ஓர் இளைஞர், மூதூரில் எடுத்த போர்ப் படத்தோடு வந்திருந்தார். எல்லோரும் கைதட்டினோம். ஃபரீதா தட்டவில்லை. “ஷெல் விழுந்ததும் கமராவைப் போட்டு ஆட்டுறீங்க தம்பி. விழுந்த நேரம் நாங்க ஆடல்ல. கல்லாப் போய் நிண்டனாங்க” என்றாள். அவளுடைய வாப்பா அப்படி ஒரு நாளில் போனவர் என்பது அந்த இளைஞருக்குத் தெரியாது.

பிறகு சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவளுடைய கண்களைப் பறித்தது. அடுத்துச் சிறுநீரகம். வாரந்தோறும் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்தார்கள். கொழும்புக்குக் கொண்டுபோனோம், கண்ணும் திரும்பவில்லை, உடம்பும் திரும்பவில்லை. படமென்றாலே கொட்டாவி விடும் ஜவாஹிர் அவளுக்காகப் பார்க்கத் தொடங்கினார். மடிக்கணினியைப் பார்த்துப் பார்த்துச் சொல்வார். “கதை வேணாம், முகத்தச் சொல்லுங்க” என்று அவள் சினப்பாள். “முகத்தில என்னத்தச் சொல்ல?” என்று பாவமாகக் கேட்பார்.

ஒரு பின்னேரம் நானும் இருந்தேன். அவளுக்கு மிகவும் பிடித்த ஒரு வெளிநாட்டு இயக்குநரின் புதுப் படம். மனைவி நோயாளி, கணவன் ஓட்டுநர். முடிவு வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே ஜவாஹிர் சொன்னார்: “சுகமாகி வீட்டுக்கு வாறா. முடிஞ்சுது.”

ஃபரீதா சிரித்தாள். “இந்த மனிசன்ர படமெல்லாம் பார்த்தவள் நான். அவன் ஒருத்தரையும் சும்மா வீட்டுக்கு அனுப்பமாட்டான். ஆர் மௌத்து?”

ஜவாஹிர் என்னைப் பார்த்தார். “அவதான்” என்றார்.

“பக்கத்தில ஆர்?”

“புருசன்.”

“அழுதானா?”

“இல்ல. சன்னலச் சாத்தினான்.”

“அதானே” என்றாள். தான் நினைத்தது சரியென்று அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட. பிறகு குரல் தாழ்ந்தது. “டொக்டர் சொன்னதையும் இப்ப இதே மாதிரிச் சொல்லுங்க.”

ஜவாஹிர் எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது. அது நிற்கவேயில்லை.

“சுகந்தி, நீ சொல்லு. நீயும்தானே கொழும்புக்கு வந்தனீ.”

சொன்னேன். இனிக் கொழும்புக்குக் கொண்டுவரத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னதை, கனகாலம் இல்லை என்று சொன்னதை. எப்படிச் சொல்லி முடித்தேன் என்று தெரியாது. அவள் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். நகம் இறங்கியது. “எனக்கு ஏலாது சுகந்தி. எனக்கு இன்னும் பார்க்கக் கிடக்கு. ஒரு கண்ணையாவது தரச் சொல்லு.” யாரிடம் சொல்வது? “சொல்லு, சொல்லு” என்று உலுக்கினாள்.

அதன்பிறகு அவளுக்கு அவசரம் பிடித்தது. ஒரு படம் முடியுமுன் அடுத்தது. தொண்டை கட்டி ஜவாஹிருக்குக் குரலே போனது. நீங்கள் சொல்லுங்கள் என்று அவர் சைகை காட்ட, நான் பார்த்துச் சொன்னேன். பாதியில் அவள் மயங்கிவிடுவாள். விழித்ததும், “எதில விட்டனாங்க?” என்பாள். கடைசி முறை மயங்கியபோது படம் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அடக்கத்துக்கு வந்த பெண்கள், “நிம்மதியாப் போயிட்டா” என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். வேலியோரம் நின்ற ஜவாஹிர் அதைக் கேட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். என்னால் அங்கே மறுத்துச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். ஃபரீதா நிம்மதியாகப் போகவில்லை. போக மனமில்லாமல், கெஞ்சி, கோபித்து, இன்னும் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே போனாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பேராசை ஒன்றுதான். அதை அழகாக்க யாரையும் விடமாட்டேன்.