ஸ்டேஷன் வாசலில் மொட்டை வண்டி

ரயிலில் போய் வந்த களைப்பு எப்போதோ போய்விட்டது. ரயிலடிக்குப் போய் வந்த களைப்புதான் உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கிறது. காரைக்குடிக்கு ரயில் வந்த புதிதில் எனக்குச் சிவகங்கைக் கச்சேரியில் குமாஸ்தா வேலை. திங்கட்கிழமை விடிகாலையில் போனால், சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்துச் சாயங்கால வண்டியில் திரும்புவேன். காரைக்குடி வரைக்கும் ரயில் கொண்டுவந்து விட்டுவிடும். அங்கிருந்து சாக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு ஐந்து மைல். அந்த ஐந்து மைலுக்கு ரயில்காரனா வண்டி கட்டுவான்? அப்பாதான் கட்டினார்.

எங்களுடையது கூண்டில்லாத மொட்டை வண்டி. வாரம் முழுக்க வயலுக்குக் குப்பை அடிக்கும். சனிக்கிழமை மத்தியானம் அப்பா அதைக் கழுவி, வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரிப்பார். எத்தனை குடம் தண்ணீர் விட்டாலும் சாண வாடை போகாது. ஸ்டேஷன் வாசலிலோ செட்டியார் வீட்டு மோட்டார்கள் ஒரு பக்கம், மணி கட்டிய வில்வண்டிகள் ஒரு பக்கம். நடுவில் எங்கள் வண்டி. அதன் மேல் நின்றுகொண்டு, "இங்குட்டு வாய்யா, இங்குட்டு!" என்று ஊருக்கே கேட்கும்படி அப்பா கூப்பிடுவார். என்னோடு இறங்கும் கச்சேரிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பேருக்கு நாலு எழுத்துப் படித்துச் சட்டைப்பையில் பேனா செருகியவனுக்கு அது போதாதா? காது மடல் சுட்டுவிடும்.

நாலு வாரம் பொறுத்தேன். ஐந்தாம் வாரம், "அப்பா, இஞ்சின் சத்தத்துக்கு மாடு மெரளுது. அந்தப் புளியமரத்தடியில நிப்பாட்டுங்க, நான் நடந்து வந்துருறேன்" என்றேன். மரம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு கூப்பிடு தூரம், ரோடு திரும்பும் இடத்தில் இருந்தது. மாடு கொஞ்சம் மிரண்டதும் உண்மைதான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "மாட்டு மேல எம்புட்டு அக்கறைன்னு பாரு" என்று ஆத்தாவிடம் சொல்லிப் பூரித்துப் போனாராம். அதற்குப் பிறகு ஒரு வருஷம் வண்டி மரத்தடியில்தான் நின்றது. பங்குனி வெயிலோ ஐப்பசி மழையோ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதுவரை நான் நடந்தேன். நானாகத் தேடிக்கொண்ட நடை, யாரிடம் நோவது?

ஒரு சனிக்கிழமை. ஆறு நாள் பேரேடு எழுதிய விரல் மடங்கவில்லை. ரயிலில் உட்கார இடமும் கிடைக்கவில்லை. காரைக்குடியில் இறங்கி, வழக்கம்போல் யார் முகத்தையும் பார்க்காமல், வாசலில் நின்ற வண்டிகளைத் தாண்டிப் புளியமரத்துக்குப் போனேன். மரத்தடியில் வண்டி இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. 'மகன் வருகிற நாள்கூட நினைவில்லையா' என்று முனகிக்கொண்டே, வண்டிப் பாதையை விட்டுக் கண்மாய்க் கரை வழியாகக் குறுக்கே நடந்தேன். வீடு சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

"அப்பாவ எங்கய்யா?" என்றாள் ஆத்தா.

"அதத்தான் நானும் கேக்குறேன். மரத்தடியில ஆளக் காணோம்."

ஆத்தா திகைத்துப் போனாள். "மரத்தடியில ஏன் நிக்கிறாக? வாசல்லயே நிப்பாட்டப் போறேன்னுல்ல சொல்லிட்டுப் போனாக! மாடு மெரளுறதால நீ வெயில்ல நடக்கிறியாம். ஒரு மாசமா வேலைய விட்டுப்புட்டு மாட்ட ரயிலடிக்கு ஓட்டிட்டுப் போயி, சத்தத்துக்குப் பழக்குனாக. ஒனக்குத் தெரியாம வச்சிருந்து காட்டணும்னாக."

மோட்டார்களுக்கும் வில்வண்டிகளுக்கும் நடுவில்தான் அப்பா நின்றிருக்கிறார். நான் அவரைத் தாண்டி நடந்திருக்கிறேன். இஞ்சின் சத்தத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கூட்டத்தில் என்னைக் கவனித்திருக்க மாட்டார்; நானாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கக் கூடாது என்றுதானே ஒரு வருஷமாகத் தலை குனிந்து நடந்து பழகியிருந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்பா எந்த நிமிஷமும் வந்துவிடுவார் என்று இருந்தோம், வரவில்லை. நான் சாயங்கால வண்டியைத் தவறவிட்டிருப்பேன், ஞாயிறு காலை வண்டிக்கு வருவேன் என்று நினைத்து அங்கேயே தங்கிவிட்டார் என்பது நடுநிசிக்குப் பிறகுதான் புரிந்தது.

கிழக்கு வெளுக்கும் முன்பே புறப்பட்டு, மறுபடியும் ஐந்து மைல் நடந்தேன். ஸ்டேஷன் வாசலில், எல்லா வண்டிக்கும் முன்னால், எங்கள் மொட்டை வண்டி நின்றது. காலை ரயில் வந்து நின்றிருந்தது. அப்பா இரண்டு மாடுகளின் மூக்கணாங்கயிற்றையும் பிடித்துக்கொண்டு, அவற்றின் முகத்தைத் தடவியபடி இருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. சுவரோரமாக ஒதுங்கிப் போய், வெளியே வந்த கூட்டத்தில் கலந்து, ரயிலில் வந்தவன்போல் அவர் முன்னால் நின்றேன்.

"வாய்யா! நேத்து வண்டி தப்பிருச்சா?"

"ஆமாப்பா. கச்சேரியில வேலை முடியல."

"நெனச்சேன். மாட்டப் பாத்தியா? இஞ்சின் ஊதுச்சு, காதக்கூட ஆட்டல. இனிமே ஒனக்கு அம்புட்டுத் தூரம் நடையில்ல."

நுகத்தடியைச் சரிசெய்யக் குனிந்தவர் அப்படியே நின்றார். என் காலைப் பார்த்தார். முழங்கால் வரை செம்மண் புழுதி. என் கையையும் பார்த்தார். அதில் பெட்டி இல்லை. அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

"அடுத்த சனிக்கெழம எங்குட்டு நிப்பாட்டட்டும்யா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இங்கேயே, வாசலிலேயே என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கச்சேரித் தோழர் ஒருவர் ஸ்டேஷன் படியில் இறங்கி வந்தார். நான் ஒரு கணம் அவரைப் பார்த்தேன், ஒரு கணம்தான். திரும்புவதற்குள் அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"சரிய்யா, ஏறு" என்றார்.