முனிர்கா சாலையில் கொஞ்சம் வெயில்

நாட்டின் தலைநகரில், முனிர்காவில் ஜனவரிக் காலை. ஸ்டேஷனுக்குப் பஸ் பிடிக்கச் சாலையைக் கடக்கும் நான் பாதியிலேயே, நடுத்திட்டில், மாட்டிக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையுடன் நிற்கிறாள். இருபுறமும் பஸ்கள் உரசிக்கொண்டு போகின்றன.

"அழாதடா தங்கம், கொஞ்ச நேரந்தான்" என்கிறாள் குழந்தையிடம். தமிழ்!

"இந்தப் புகையில பிள்ளைய ஏம்மா வச்சிருக்க?"

"மஞ்சக்காமாலைண்ணே. காலை வெயில் காட்டச் சொன்னாங்க. எங்க ரூம்ல ஜன்னலே கிடையாது. மொட்டை மாடிய ஓனர் பூட்டி வச்சிருக்காரு. சந்துல வெயிலே விழாது."

குழந்தையின் மஞ்சள் பாதங்களை மட்டும் போர்வைக்கு வெளியே விட்டிருக்கிறாள். விளம்பரப் பலகையின் நிழல் நகர்ந்து அவற்றைத் தொடுகிறது. அவள் ஓரடி தள்ளி நிற்கிறாள். நிழலும் வருகிறது. இன்னும் ஓரடி நகர்கிறாள்.

அதற்கப்புறம் சாலைதான்.