பிள்ளையாரும் பச்சை எண்களும்

எங்கள் ஊர் இணையப் பக்கத்தின் அடியில் ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. அதற்குள் பச்சை நிறத்தில் எண்கள். பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடும். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அப்போது அதுதான் பெருமை. என் மதினி காலையில் சாமி கும்பிட்டாளோ இல்லையோ, அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் இருக்க மாட்டாள். முதல் நாள் எண்ணை மனதில் வைத்திருந்து, மறுநாள் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று கழித்துப் பார்த்து, சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சமையற்கட்டில் சொல்லுவாள். அம்மா புளியைக் கரைத்துக்கொண்டே, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாயா என்று கேட்பாள்.

நயினார்கோவிலிலிருந்து உள்ளே தள்ளி, மழையையும் கண்மாயையும் நம்பிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை வளைகுடா நாட்டில் இருந்தான். செல்போன் பேசுவதற்கு மட்டுமே பயன்பட்ட காலம் அது. ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கிருந்து வரும் எந்த அழைப்பிலும் முதல் கேள்வி, "பிள்ளையாருக்கு எம்புட்டு?" என்பதாகத்தான் இருக்கும். கண்மாய்க்குள் மடையை ஒட்டி நிற்கும் கல்லில் ஆளுயரப் பிள்ளையார் ஒருவரைச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்தான் எங்களுக்கு அளவுகோல். பாதம் நனைந்தால் நாற்றுப் பாவலாம். தொந்தியைத் தொட்டால் பயிர் கரைசேரும். தலையும் மூழ்கினால் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்த வருஷம் ஊரில் ஒருவர் முகத்திலும் கவலை இருக்காது.

மதினி பரமக்குடிக்காரி. கம்ப்யூட்டர் படித்தவள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள் என்பதால் எங்களுக்குள் நாத்தனார் சண்டையும் உண்டு, கூட்டுக் களவாணித்தனமும் உண்டு. கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதமே அண்ணன் சவுதிக்குப் போய்விட்டான். அவளுக்கு எங்கள் வீட்டில் சொந்தமாக இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும், நயினார்கோவில் கம்ப்யூட்டர் சென்டரில் கிடைத்த வேலையும்தான். அண்ணனும் இதே கேள்வியைக் கேட்கக் கேட்கச் சலித்துப்போய்த்தான் அவள் அந்தப் பக்கத்தைத் தொடங்கினாள். விடிந்ததும் கரையேறிப் பிள்ளையாரைப் படம் எடுப்பாள், பஸ் பிடித்து சென்டருக்குப் போய் ஏற்றிவிடுவாள். தண்ணீருக்கு வந்த பெண்கள், "என்னத்தா, பிள்ளையாருக்கு பாஸ்போர்ட்டா எடுக்குற?" என்று கேலி பேசினார்கள். மருமகள் கேமராவும் கையுமாகக் கரையில் நிற்பது அய்யாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து அந்தப் பக்கத்தின் செலவை ஏற்றுக்கொண்டதும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அண்ணன் நல்ல கேமரா ஒன்று கொடுத்தனுப்பினான். படங்கள் பெரிதாக, பளிச்சென்று வந்தன. பிள்ளையார் காலில் தண்ணீர் நின்றபோது பச்சை எண்கள் நன்றாகத்தான் ஓடின. கார்த்திகையில் மழை பிடித்துத் தண்ணீர் ஏற ஏற, எண் கூடுவது மட்டும் குறைந்துகொண்டே வந்தது. தொந்தி நனைந்த வாரத்தில் பாதியாகிவிட்டது. நல்ல செய்தி வரும்போது ஆட்கள் ஏன் போகிறார்கள்? மதினிக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் சங்கச் செயலாளரின் போன் வந்தது, அதுவும் அய்யாவுக்கே. யாரும் பார்ப்பதில்லை, பொங்கலோடு நிறுத்திவிடலாம் என்றார். அய்யா போனை வைத்துவிட்டு, "இனிமே காலையில கரைக்குப் போக வேண்டாம்த்தா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. பெட்டியைத் தவிர அவளுடையது என்று அந்த வீட்டில் இருந்தது அந்தப் பக்கம் ஒன்றுதான். அதையும் மடித்து வை என்றால் எப்படி?

அவள் அழவில்லை. ரோஷக்காரி. ராத்திரிச் சாப்பாட்டில் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். மேலத்தெருச் சின்னம்மாளுக்கு முழங்கால் வலி, வாசல் தாண்டி மாசமாகிறது. அவளே மதியம் இவளைக் கூப்பிட்டு, பிள்ளையாருக்குத் தொந்தி நனைந்துவிட்டதாமே என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். யார் சொன்னது என்றால், மகன் போனில் சொன்னானாம், வளைகுடாவிலிருந்து! "பாக்குறாங்க தாயி. பாக்காம எப்படித் தெரியும்? ஆளு போகல. எண்ணுறதுலதான் என்னமோ கோளாறு" என்றாள் மதினி. அவளுடைய சென்டரில் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவள் படத்தை ஏற்றியதே அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான், படம் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. தட்டியதும் வந்து நிற்கும். வேறு எங்காவது, நம்மை யாரென்றே தெரியாத இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள்.

நான் ராமநாதபுரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அவளைக் கூட்டிப்போனேன். ராமேஸ்வரம் போகிற யாத்திரைக் கூட்டம் ரயில் டிக்கெட் பார்க்க வரிசையில் நின்றது. எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவர் எப்போது எழுந்திருப்போம் என்று செருமிக்கொண்டே இருந்தார். பக்கத்தைத் திறந்தோம். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் வெறும் வானம். அப்புறம் பனைமரத் தலைகள். அப்புறம் பிள்ளையாரின் முடி, தும்பிக்கை. தொந்தியில் தண்ணீர் தெரிந்ததும் மதினியின் முகம் மலர்ந்தது. கை தானாகப் போய்ப் பக்கத்தை மூடிவிட்டது. மூடிய கை அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானே மூடிட்டேன் பாரு. தண்ணியப் பாத்தாச்சு, இன்னும் என்ன வேலை எனக்கு?"

விஷயம் அவ்வளவுதான். அந்தப் பச்சை எண், படம் அடிவரை முழுசாக வந்து முடிந்த பிறகுதான் ஒன்று கூடும். நடுவில் மூடியவன் கணக்கில் வரமாட்டான். தண்ணீர் பிள்ளையார் காலில் கிடந்தபோது, அதைப் பார்க்கப் படத்தின் அடிவரை எல்லாரும் காத்திருந்தார்கள். தொந்திக்கு ஏறியதும் பாதிப் படத்திலேயே சேதி தெரிந்துவிட்டது. அண்ணன் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப்பிலும் ஒரே கம்ப்யூட்டர், ஆமை வேக லைன், பின்னால் இருபது பேர் வரிசை. தொந்தியைப் பார்த்தவன் சந்தோஷமாக எழுந்து போகிறான். கண்மாய் நிறைய நிறைய எண் கூடுவது குறைந்ததற்கு இதுதான் காரணம். வாசலில் டீ குடிக்கும்போது மதினி சிரித்த சிரிப்பில் டீ சேலையெல்லாம் சிந்தியது.

படத்தைச் சின்னதாக்கு, எண்ணை மேலே தூக்கி வை, முடிந்தது கதை என்றேன் நான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது கைவைத்து எண் கூடினால் கள்ளக் கணக்கு என்றல்லவா பேசுவார்கள்? அன்று சாயங்காலம் அய்யாவின் முன்னாலேயே செயலாளருக்குப் போன் போட்டாள். நடந்ததை விளக்கினாள். அவர் நம்பவில்லை, நொண்டிச் சாக்கு என்று நினைத்திருப்பார். அப்போது அவள் நிதானமாகச் சொன்னதை என்னால் இன்றும் அப்படியே சொல்ல முடியும்.

"நான் எதையும் தொட மாட்டேன் சித்தப்பா. பிள்ளையார் தலை மூழ்குற அன்னைக்கு எண்ணப் பாருங்க. அவரக் காணாம எல்லாரும் அடிவரைக்கும் தேடுவாங்க. அன்னைக்கும் ஏறலன்னா நீங்க சொல்லவே வேண்டாம், நானே மூடிருறேன்."

அய்யா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். மழைமேல் பந்தயம் கட்டுகிறாளே இந்தப் பெண் என்று நான் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கம் பிள்ளையார் மூழ்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. மார்கழியில் தண்ணீர் தும்பிக்கைக்கு வந்து அங்கேயே நின்றுகொண்டது. எண் கூடுவது இன்னும் குறைந்தது. வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் மதினி ஒரு நாள் விடாமல் கரைக்குப் போனாள். வேண்டாம் என்று சொன்ன அய்யாவே, மழை வந்தாலும் வரும் என்று பின்னால் குடையோடு போக ஆரம்பித்தார். ஊருக்கே விஷயம் பரவிவிட்டது. கேலி பேசிய பெண்கள்கூட அவளைக் கண்டால் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், யாரும் எதிர்பாராமல், கடல் பக்கமிருந்து கறுத்து வந்த மேகம் இரண்டு நாள் ஊற்றியது. மூன்றாம் நாள் விடியலில் குலவைச் சத்தம் கேட்டுத்தான் விழித்தோம். கலுங்கில் தண்ணீர் சாடிக்கொண்டிருந்தது. பிள்ளையார் நின்ற இடத்தில் ஒரு சுழிப்பு மட்டும். மதினி முழங்காலளவு சேற்றில் நின்று படம் எடுத்தாள். பஸ் வரவில்லை என்று அய்யா அவளை டிராக்டரில் ஏற்றி நயினார்கோவிலுக்குக் கொண்டுபோனார். அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் போன் வைக்க வைக்க அடித்தது. எல்லாருக்கும் ஒரே கேள்வி, "பிள்ளையாரக் காணோமே?" மறுநாள் காலை நானும் அவளோடு சென்டருக்குப் போனேன். பச்சை எண்கள் அதுவரை இல்லாத அளவுக்குத் தாவியிருந்தன. மதினி நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். ராஜ்ஜியம் பிடித்தவள்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டாள். செயலாளர் போன் செய்தபோது அய்யாதான் எடுத்தார். எம் மருமக கணக்கு தப்பாதுய்யா என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

இப்போது மதுரையில் என் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை கூட்டம் போட்டு, இணையதளத்துக்கு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று வண்ண வண்ணக் கோடுகளைக் காட்டித் துக்கம் விசாரிப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர்கள் எதைப் பார்த்ததும் மூடுகிறார்கள் என்று நான் கேட்பேன். முதலில் முழிப்பார்கள், அப்புறம் போய்த் தேடுவார்கள்.

மதினி இன்றைக்கும் விடியலில் கரைக்குப் போகிறாள். அந்தப் பழைய பக்கமும் கறுப்புக் கட்டமும் இப்போது இல்லை. படம் நேரே எங்கள் கைப்பேசிகளுக்கே வந்துவிடுகிறது. போன வாரம் வந்ததில் வானம், பனைகள், கரைமுட்டத் தண்ணீர். அலுவலக அவசரத்திலும் விரலால் படத்தைத் தள்ளித் தள்ளி ஒரு மூலை விடாமல் தேடிவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"மதினி, பிள்ளையாரக் காணோமே?"

"அப்ப அடிவரைக்கும் பாத்துட்ட. ஒண்ணு கூட்டிக்கிறேன்" என்றாள்.